பொன்னுருகும் காலை... மண்ணுருகும் மாலை!

புரட்டாசி மாதத்தைப் பற்றி எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு. ‘பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்!’ காலையில் தங்கம் உருகுற அளவுக்கு வெயில், சாயங்காலம் மண் கரைஞ்சு ஓடுற அளவுக்கு மழை. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களுக்கு இது வெறும் பழமொழி. நம்பிக்கை இல்லையென்றால், ஒரு புரட்டாசி சனிக்கிழமை விருதுநகரிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிப் பாருங்க பாஸ். சாயங்காலத்துக்குள் முழு அர்த்தமும் உங்கள் முதுகிலேயே எழுதியிருக்கும்.

நான் சொல்லப்போவது ஒரு ஜோடியின் கதை. காலேஜ் ஜோடி என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால், மன்னிக்கணும். என் அக்காவும் அத்தானும்தான் ஹீரோயின், ஹீரோ. அக்கா ஸ்கூலில் கணக்கு டீச்சர். அத்தான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் ஆஃப்செட் மெஷின் ஆபரேட்டர். கல்யாணமாகி ஆறு வருஷம். நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். ‘ஊர்ப் பக்கம் ஏதாவது எழுதிக்கொண்டு வா’ என்று இந்தப் பத்திரிகையில் அனுப்பிவைத்தார்கள். ஊருக்குப் போனால், வீட்டுக்குள்ளேயே மேட்டர் ரெடியாக இருந்தது.

மேட்டர் இதுதான். ஒரே நாளில் 100 கிலோமீட்டர். சைக்கிளில். இரண்டு பேரும் சேர்ந்து!

விருதுநகரில் கிளம்பி சாத்தூர், அங்கிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர். திரும்பி வரும்போது சிவகாசி, திருத்தங்கல், ஆமத்தூர் வழியாக விருதுநகர். கூட்டிப் பார்த்தால் 110 கிலோமீட்டருக்கு மேல் வரும். செஞ்சுரி அடிப்பது அத்தானின் மூன்று வருஷக் கனவு. அதை அக்காவோடு சேர்ந்து அடிப்பது என்பது அக்காவின் கண்டிஷன்.

அத்தானின் அம்மா மட்டும் மசியவே இல்லை. “பஸ்ஸே போகாத ஊராடா இது? ரெண்டு பேரும் எதுக்கு ரோட்டுல காயணும்? அதுவும் கல்யாணமான பிள்ளை...”

இந்த இடத்தில் உங்கள் நிருபர் உள்ளே புகுந்தேன். ‘அத்தை, 125 வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு புருஷன் பொண்டாட்டி இந்தியாவையே சைக்கிளில் சுத்தியிருக்காங்க, தெரியுமா?’

கதையில்லை, நிஜம். ஃபேனி புல்லக் வொர்க்மேன், வில்லியம் ஹன்டர் வொர்க்மேன் என்று ஓர் அமெரிக்கத் தம்பதி. 1897 கடைசியில் கிளம்பியபோது அந்த அம்மாவுக்கு 38 வயசு, அவருக்கு 50. இலங்கையைப் பார்த்துவிட்டு, இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயமலை வரைக்கும் இரண்டு சைக்கிளில் போனார்கள். மொத்தம் 14,000 மைல். நம்ம கணக்கில் 22,000 கிலோமீட்டருக்கு மேல்! டீ, சர்க்கரை, பிஸ்கட், ஆளுக்கொரு போர்வை, பஞ்சர் சாமான்... லக்கேஜ் அவ்வளவுதான். ஒரே நாளில் 40 பஞ்சர் வரைக்கும் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பயணத்தை இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய புத்தகம் 1904ல் வந்தது. சைக்கிளை விட்டதும் அந்த அம்மா காரகோரம் மலைகளில் ஏற ஆரம்பித்தார். 1912ல் அங்கே ஒரு பனிமேட்டில் ‘பெண்களுக்கு ஓட்டுரிமை’ என்ற தலைப்பு தெரியும்படி பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்ற போட்டோ ரொம்பப் பிரபலம்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவுக வெள்ளைக்காரவுக” என்று ஒரே வார்த்தையில் ஃபைலை மூடிவிட்டார்.

அதற்கு அக்கா சொன்ன பதில்தான் பதில். “நான் பிளஸ் ஒன்ல கவர்மென்ட் சைக்கிள்ல போனவதான அத்தை? அப்ப யாரும் ஒண்ணும் சொல்லல. கல்யாணமானா கால் மறந்துபோகுமா?”

யோசிச்சுப் பாருங்க. 2001-02ல் பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்த திட்டம் அது. அதற்கும் பத்து வருஷம் முன்னால் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள், கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் ஓட்டக் கற்றார்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண்கள் நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் அந்த சைக்கிள்தான் தம்பிக்கோ பால்காரருக்கோ போய்விடுகிறது. அக்காவின் சைக்கிள் எனக்கு வந்தது. அதில்தான் நானே ஓட்டப் பழகினேன்!

ஆக, அத்தையின் முனகலோடும், மூணு பாட்டில் மோரோடும் சனிக்கிழமை காலை 5.15க்குக் கிளம்பினோம். அத்தான் கையில் புது கியர் சைக்கிள். அக்காவுக்கு செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஒன்று. எனக்கு அப்பாவின் பழைய கறுப்பு சைக்கிள். கியர் கிடையாது, கேரியர் உண்டு. அதனால் மூன்று பேர் பையும் என் தலையில்.

காத்துக்கு யார் முன்னால?

சாத்தூர் வரை நான்குவழிச் சாலை. ஓரக்கோட்டுக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராகப் போனோம். லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது முதலில் ஒரு தள்ளு, பிறகு ஒரு இழுப்பு. ஆர்.ஆர். நகர் சிமென்ட் ஆலையின் விளக்குகள் அணைவதற்குள் கிழக்கே வானம் சிவந்துவிட்டது. இரண்டு பக்கமும் கரிசல் காடு. பருத்தியும் மக்காச்சோளமும். ஒரு மேகம்கூட இல்லை.

ஏழு மணிக்கு சாத்தூர். வைப்பாற்றுப் பாலத்தைத் தாண்டி டீ. சாத்தூர் வந்துட்டு சேவு வாங்காமல் போனால் பாவம் என்று கால் கிலோ காரச்சேவு என் கேரியரில் ஏறியது. ஒருகாலத்தில் நாம் எழுதிய இங்க் பேனாக்களுக்கு நிப்பு செய்து அனுப்பிய ஊரும் இதுதான். ஜெல் பேனா தலைமுறைக்கு இது கூடுதல் தகவல்!

சாத்தூரிலிருந்து சிவகாசிக்கு மேற்கே திரும்பியதும் எதிர்க்காற்று ஆரம்பித்தது. இங்கே கொஞ்சம் என் படிப்பைக் காட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கோங்க. மணிக்கு 15 கிலோமீட்டரில் நீங்கள் ஓட்டும்போது, எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், உங்கள் உடம்பைப் பொறுத்தவரை அது 30 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கு, தடை நாலு மடங்கு! அதனால்தான் தட்டையான ரோட்டில்கூட மலை ஏறுகிற மாதிரி மூச்சு வாங்கும். ஆனால், ஒருவரின் பின்னால் சக்கரத்தை ஒட்டிப் போனால் பின்னால் வருகிறவருக்குப் பெரும் பாரம் குறையும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் வருகிறவர் அந்தக் கிழிசலில் புகுந்து வருகிறார்.

அத்தானும் அக்காவும் இதைப் பேசி வைத்திருந்தார்கள். பத்து நிமிஷம் அவர் முன்னால், பத்து நிமிஷம் அவள் முன்னால். “பொம்பளைப் பிள்ளைய முன்னால விட்டுட்டு பின்னால ஒளிஞ்சு வாராரே” என்று ஒரு டிவிஎஸ் பெரியவர் கமென்ட் அடித்துவிட்டுப் போனார். அத்தான் சிரித்துக்கொண்டே, “அவ டர்ன் அண்ணாச்சி!” என்றார்.

கவனிச்சுப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபட்டது. அக்கா முன்னால் இருக்கும்போது அத்தான் சக்கரத்தை விட்டுப் பிரிவதே இல்லை. அத்தான் முன்னால் இருக்கும்போதோ, கொஞ்ச நேரத்தில் அவர் தனியாகப் பறந்துவிடுவார். பிறகு பின்னால் பார்த்து, வேகத்தைக் குறைத்து, காத்திருப்பார். மூன்றாவது தடவை அக்கா சொன்னாள். “நீங்க எனக்காக நிக்க வேண்டாம். என் வேகத்துல முன்னால போங்க. அதுதான் சேர்ந்து போறது.” அதற்கப்புறம் அத்தான் பறக்கவில்லை. ஜோடியாகப் போகும்போது மெதுவாகப் போகிறவரின் வேகம்தான் இரண்டு பேரின் வேகம். இது சைக்கிளுக்கு மட்டும் சொன்னதா என்பதை நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

காய்ந்த காற்றில் எழுந்த ஊர்

சிவகாசி நெருங்க நெருங்க ரோட்டோரத்தில் பட்டாசுக் கடைகள். காட்டுக்குள் தள்ளித் தள்ளி சின்னச் சின்ன அறைகள், நடுவில் வேப்ப மரங்கள், உயரத்தில் இடிதாங்கிகள். பட்டாசு ஆலை என்றால் பெரிய கட்டடமாக இருக்கும் என்று வெளியூர் நண்பர்கள் நினைப்பார்கள். கிடையாது. ஒரு அறையில் வெடித்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதற்காக இடைவெளி விட்டுக் கட்டியவை அவை.

இந்த வறண்ட பூமியில் இத்தனை தொழில் எப்படி வந்தது? வறண்ட பூமி என்பதால்தான் வந்தது! வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம்தான் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். விவசாயத்தை நம்ப முடியாத ஊரிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு பேர் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு. தீப்பெட்டி லேபிள் அடிக்கப்போய் அச்சுத் தொழில். இன்று நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது.

தீக்குச்சி காய வெயில் வேணும். பட்டாசு காய வெயில் வேணும். சரி, பிரஸ்ஸுக்கு எதற்கு வெயில்? அத்தானிடம் கேட்டேன். “பேப்பர் ஈரத்தைக் குடிச்சா விரியும்டா. நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு கரெக்டா உக்காராது. முருகர் படத்துல வேல் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம் போயிரும். மழை நாள்ல ஷீட்டை வச்சிக்கிட்டு நாங்க படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும்.” ஆக, சிவகாசியின் மூன்று தொழிலுக்கும் மூலதனம் காய்ந்த காற்று. இது எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது.

ஒன்பது மணிக்கு சிவகாசியில் இட்லி. புரட்டாசி என்பதால் அக்கா சைவம். அதனால் நாங்களும் சைவம். மேற்கே போகப் போகத்தான் ‘பொன்னுருக’ என்பது புரிந்தது. தார் ரோடு கானலாக ஆடியது. ஹேண்டில் பார் சுட்டது. மல்லியைத் தாண்டும்போது மூன்று பாட்டில் மோரும் காலி. வழியில் முள் ஏறிய கணக்கில் இரண்டு பஞ்சர். சீமைக்கருவேல முள், உபயம் கரிசல் காடு. வொர்க்மேன் தம்பதியின் 40ஐ நினைத்துக்கொண்டு ஒட்டினோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் புரட்டாசி சனிக் கூட்டம். பக்கத்தில் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போகிறவர்கள் மஞ்சள் உடையில் சாரி சாரியாக ரோட்டோரத்தில். ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்ததும் அத்தான் மீட்டரைப் பார்த்தார். 67 கிலோமீட்டர். பன்னிரண்டே கால் மணி. மர நிழலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். பால்கோவா வாங்கினோம். ஒரு மணி நேரம் கட்டை போல் படுத்தோம்.

எழுந்து பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலையைக் காணோம். மலை இருந்த இடத்தில் கறுப்பாக ஒன்று நின்றது.

ஒன்று... இரண்டு... மூன்று...

இரண்டு மணிக்குத் திரும்பினோம். இப்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. மிதிக்கவே வேண்டாம், பறந்தது சைக்கிள். அத்தானுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “இப்படியே போனா அஞ்சு மணிக்கு வீடு!” என்றார். நல்ல பின்காற்று எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தது அக்கா மட்டும்தான்.

மல்லி தாண்டிக் கொஞ்ச தூரம். பளிச் என்று ஒரு மின்னல். அக்கா சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். “ஒண்ணு... ரெண்டு... மூணு...” பதினெட்டில் இடி இடித்தது. கணக்கு டீச்சர் ஆயிற்றே! சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி. பதினெட்டை மூன்றால் வகுத்தால், ஆறு கிலோமீட்டர் தள்ளி. அடுத்த மின்னல். இந்த முறை ஒன்பது. மூன்று கிலோமீட்டர்.

“நிறுத்துங்க” என்றாள் அக்கா.

“இன்னும் பத்தே கிலோமீட்டர்ல சிவகாசி. மிதிச்சிரலாம்” என்றார் அத்தான்.

“ரெண்டு பக்கமும் வெறுங்காடு. இருக்கிறதுல உயரமா போறது நாமதான்.”

“மூணு வருஷமா நினைச்சது...”

“நான் நிக்கிறேன். நீங்க போறதுன்னா போங்க.”

அந்த இரண்டு விநாடி மௌனம் இருக்கிறதே, அது இடியைவிட பெரிசு. நடுவில் மாட்டிக்கொண்ட எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. அத்தான் மீட்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் பிரேக்கைப் பிடித்தார். ரோட்டோரம் ஒரு மாடிக் கட்டடம், கீழே டீக்கடை. மீட்டரில் 77.

சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போன அடுத்த நிமிஷம் வானம் உடைந்தது. மழை என்றால் கோடு கோடாக இல்லை, ஒரே திரையாக. எதிரே இருந்த வேப்ப மரம்கூடத் தெரியவில்லை. மண்ணுருகப் பெய்யும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

டீக்கடைக்குள் எங்களுக்கு முன்னாலேயே ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். கையில் தூக்குவாளி. நகக்கண்ணில் வெள்ளி நிறம். பார்த்ததும் தெரிந்துவிடும், பட்டாசு வேலை. இடி சத்தம் கேட்டதும் வேலையை நிறுத்தி அனுப்பிவிட்டார்களாம். இடி மின்னல் நேரத்தில் மருந்து இருக்கிற அறையில் ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. கம்பெனி வேன் வருவதற்காகக் காத்திருந்தார்கள்.

“நல்லவேளைக்கா, சீக்கிரம் விட்டாங்க” என்று அக்கா பேச்சுக் கொடுத்தாள்.

நடுத்தர வயது அம்மா ஒருவர் சிரித்தார். “விட்டது நல்லதுதான் தாயி. உசுரு முக்கியமில்லையா? ஆனா எங்களுக்கு எண்ணிக்கைக் கூலி. எவ்வளவு முடிச்சமோ அவ்வளவுதான் காசு. மத்தியானத்தோட நின்னுபோச்சுன்னா பாதிக் கூலி. காலையில வெயில்ல காயப்போட்டது எல்லாத்தையும் ஓடி ஓடி அள்ளி உள்ள வச்சோம். அதுக்குக் கணக்குக் கிடையாது.”

“நாளைக்கு?”

“நாளைக்கு விடியும்போது வானத்தைப் பார்க்கணும். மேகம் இருந்தா வேன் வராது.”

அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். அதுவரை அவர் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரம் ஏன் இவர்களுக்கு இத்தனை பயம் என்று கெமிஸ்ட்ரி வகுப்பில் தூங்காதவர்களுக்குத் தெரியும். பட்டாசு மருந்தில் அலுமினியத் தூள் இருக்கும். ஈரம் பட்டால் அது மெல்ல வினைபுரிந்து சூடாகும். குவித்து வைத்த மருந்தில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, யாரும் தொடாமலேயே பற்றிக்கொள்ளலாம். வெயில் ஏறினாலும் சிக்கல்தான். மருந்து கலக்கும் வேலையைக் காலையிலேயே முடிப்பது அதனால்தான். அதாவது மழையும் எதிரி, உச்சி வெயிலும் எதிரி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சில மணி நேரம்தான் இவர்களின் சம்பள நேரம். அந்த நேரத்துக்குள் இலக்கை முடிக்க அவசரப்பட்டால் அதுவும் ஆபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கிட்டத்தட்ட 40 பேர். அதற்குப் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. 2018ல் சுப்ரீம் கோர்ட் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு சரவெடி பின்னிய கைகளுக்கு அந்த வேலையும் போனது.

“நீங்க எங்கிருந்து சைக்கிள்ல வாரீக?” என்று அந்த அம்மா கேட்டார்.

“விருதுநகர்க்கா. சாத்தூர் போய், ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ட்டு...”

“எதுக்கு?”

அக்கா, அத்தான், நான்... மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ‘எதுக்கு’ என்பதற்கு அத்தைக்குச் சொன்ன பதில் எதுவும் அந்த இடத்தில் வாயில் வரவில்லை. கடைசியில் அக்காதான் சொன்னாள். “சும்மாதான்க்கா. ரெண்டு பேரும் சேர்ந்து ஒருநாள் போலாம்னு.”

அந்த அம்மா ஏளனம் எதுவும் இல்லாமல் தலையாட்டினார். “நல்லதுதான். நானும் முன்ன ஓட்டுவேன். தீப்பெட்டி ஆபீசுக்கு சைக்கிள்லதான் போவேன். வேன் வந்த பெறகு விட்டுப்போச்சு.” பிறகு மழை கொஞ்சம் தூறலானதும் வெளியே நின்ற அக்காவின் சைக்கிள் சீட்டை முந்தானையால் துடைத்துவிட்டு, பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்தார். உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

என் கேரியரில் இருந்த சாத்தூர் சேவு அங்கே ரவுண்ட் வந்து காலியானது.

87

கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை அக்கா யாரையும் அசைய விடவில்லை. வேன் வந்து அவர்கள் போன பிறகு நாங்கள் கிளம்பும்போது மணி நாலே முக்கால். அடுத்த வில்லன் ரெடி. கரிசல் மண்! ரோட்டோரத்தில் இருந்து தார் ரோட்டுக்கு ஏற இருபது அடி. அதற்குள் டயரில் களி மாதிரி அப்பி, மட்கார்டு இடுக்கில் இறுகி, சக்கரம் சுற்றவே மறுத்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், கருவேலங்குச்சியால் பத்து நிமிஷம் சுரண்டினோம். அத்தான் முதலில் அக்காவின் சைக்கிளைச் சுரண்டினார். சண்டைக்கு அப்புறம் அவர் சொன்ன ஸாரி அது என்று நினைக்கிறேன். அக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள் போல. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சிவகாசி வந்தபோது இருட்டு கட்டிவிட்டது. மறுபடி கிழக்கே மின்னல். மீட்டரில் 87. இன்னும் 13 அடித்தால் செஞ்சுரி. ரோட்டில் முழங்கால் அளவுக்குப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தண்ணீர். இந்தத் தடவை யாரும் எண்ணவில்லை. அத்தான் தானாகவே ஒரு குட்டி யானை வண்டிக்காரரிடம் போய் வாடகை பேசினார். மூன்று சைக்கிளும் மூன்று மனிதர்களும் பின்னால் ஏறினோம்.

திருத்தங்கல் தாண்டும்போது நான் கேட்டேன். “அத்தான், வருத்தமா?”

“பதிமூணு கிலோமீட்டர் எங்கேயும் ஓடிராதுடா. தை மாசம் வந்து எடுத்துக்கலாம்” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, “அந்த அம்மாவுக்குப் பாதிக் கூலி போனது போனதுதான்” என்றார்.

எனக்கு அந்த நாளின் மொத்தமும் இந்த ஒரு வரிதான். நமக்கு மழை என்றால் நனையலாமா, ஸ்டேட்டஸ் போடலாமா, நாளைக்கு லீவு விடுவார்களா என்பதுதான் கேள்வி. எங்களுக்கு அன்றைக்கு மழை 13 கிலோமீட்டரைத் தின்றது. இருபது அடி தள்ளி நின்ற ஒருவருக்கு அதே மழை ஒரு வேளைச் சோற்றைத் தின்றது. இந்த ரோட்டில் நான் நூறு தடவையாவது பஸ்ஸில் போயிருப்பேன். பஸ் எந்த டீக்கடையிலும் மழைக்காக நிற்காது. சைக்கிள்தான் நிற்கும்.

சரி, இதைப் படித்துவிட்டு யாராவது ஜோடியாகவோ கேங்காகவோ கிளம்பினால், எங்கள் அக்காவின் ரூல்ஸ் இதோ. மழைக்காலத்தில் விடியும் முன்னே கிளம்பி, மதியத்துக்குள் பெரும்பகுதியை முடிச்சிருங்க. பிற்பகல் மேகத்தோடு பந்தயம் வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது விநாடிக்குள் இருந்தால் உடனே கட்டடத்துக்குள் போங்க. தனி மரத்தடி கூடவே கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்க. செல்போனை பிளாஸ்டிக் கவரில் போடுங்க. மெதுவாக ஓட்டுகிறவரை முன்னால் விடுங்க. கடைசியாக ஒன்று, ‘திரும்பிரலாம்’ என்று யார் சொன்னாலும் அன்றைக்கு அவர்தான் கேப்டன். ஓட்டெடுப்பு கிடையாது.

நனைந்து போய் வீட்டு வாசலில் இறங்கியபோது அத்தை எதுவும் திட்டவில்லை. வெந்நீர் போட்டு வைத்திருந்தார். தலை துவட்டத் துண்டை நீட்டிக்கொண்டே அக்காவிடம் கேட்டார். “எம்புட்டுத் தூரம் போனீக?”

“எண்பத்தேழு அத்தை.”

“எனக்கும் சின்னதுல ஓட்டத் தெரியும்” என்றார் அத்தை. ஆறு வருஷத்தில் அக்காவே முதல் தடவையாகக் கேட்ட செய்தி அது!

இரண்டு வாரம் கழித்து அடைமழை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு. தெருப் பசங்க கத்திக்கொண்டே ஓடினார்கள். நான் ஹாஸ்டலில் இருந்தேன். அக்கா போன் பண்ணினாள். எனக்கு லீவா என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்து எடுத்தேன்.

“டேய், சிவகாசிப் பக்கமும் பெய்யுதாம்டா. அந்த அம்மாவுக்கு இன்னிக்கும் வேன் வந்திருக்காதுல்ல?”